தலைகீழ் வடகம்

இன்ஜினுக்கு அடியிலிருக்கும் எண்ணெய்த் தொட்டியான சம்ப்பைக் கழற்றி, விளிம்பில் பேஸ்ட் பூசி மாட்டிய மெக்கானிக், "நாளைக்குத்தான் சார் ஆயில் ஊத்தணும்" என்று காரைக் கொடுக்க மறுத்துவிட்டாராம். வெயிலில் நிறுத்தினால் பேஸ்ட் சீக்கிரம் காயாதா என்று கேட்கிறார் ஒரு வாசகர்.

அந்த சிலிகோன் பேஸ்ட் காய்கிற பொருளே இல்லை. வடகம் ஈரத்தை விட்டு இறுகும். இது காற்றின் ஈரத்தைக் குடித்து இறுகும். டியூபுக்குள் நீண்ட சிலிகோன் சங்கிலிகள் ஒன்றையொன்று பற்றாமல் நழுவிக்கொண்டிருக்கின்றன. நீர் மூலக்கூறு வந்து சங்கிலி முனையிலுள்ள வேதித்தொகுதியைக் கழற்றிவிட்டதும், முனைகள் பக்கத்துச் சங்கிலிகளோடு பிணைந்து ரப்பராகின்றன. ஜன்னல் கண்ணாடிக்குப் பூசும் வகையில் வினிகர் நெடி வருகிறதே, கழன்று வெளியேறும் அசிட்டிக் அமிலம்தான் அது. உலோகத்தை அரிக்கும் என்பதால் இன்ஜினுக்கு அமிலம் விடாத வகையை வாங்க வேண்டும்.

ஆக, வடகத்துக்குச் சித்திரை வெயில் என்றால் இதற்குச் சென்னைப் புழுக்கம். காக்கை விரட்ட ஆளும் வேண்டாம். ஆனால் தடித்த வடகத்தின் தொல்லை இதற்கும் உண்டு. மேலே பத்துப் பதினைந்து நிமிடத்தில் தோல் கட்டிவிடும். அதன்பின் வரும் ஈரம் இறுகிய பகுதியை ஊடுருவித்தான் உள்ளே போக வேண்டும். அதனால் தடிமன் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்கு. 3 மி.மீ. இறுக ஒரு நாள் என்றால் 6 மி.மீ.க்கு நான்கு நாள்.

சம்ப்பில் இன்னொரு வேடிக்கை. போல்ட்டை முடுக்கியதும் பேஸ்ட் மெல்லிய படலமாக நசுங்கிவிடுகிறது. மேலும் கீழும் உலோகம். ஈரம் ஓரங்கள் வழியாகத்தான் நுழையும். அது கடக்க வேண்டியது படலத்தின் தடிமனை அல்ல, விளிம்பின் அகலத்தை. மறுநாள் ஆயில் ஊற்றும்போது இரு ஓரங்களும் இறுகியிருக்கும். நடுப்பகுதி இன்னும் குழைவாகவே இருக்கலாம். ஓரங்கள் எண்ணெயைத் தாங்கிக்கொள்ளும்.

   

பேஸ்ட் இறுகியபின் ரப்பராக இருப்பதில்தான் பயன். சூட்டில் அலுமினியம், வார்ப்பிரும்பைப்போல் இரு மடங்கு விரியும். 40 செ.மீ. நீள அலுமினிய சம்ப்பும் அதை மாட்டிய வார்ப்பிரும்பு இன்ஜினும் 80 டிகிரி சூடேறினால் இரண்டுக்கும் வித்தியாசம் ஏறத்தாழ 0.4 மி.மீ. அந்த இழுபறிக்கு வளைந்துகொடுக்காத பூச்சு விரிசல் விடும்.

"ஒரு சொட்டுகூடக் கசியாது" என்ற டியூப் விளம்பரத்தை நம்பி அள்ளிப் பூசாதீர்கள். உட்பக்கம் பிதுங்கிய துணுக்கு பிய்ந்து ஆயில் ஸ்ட்ரெய்னரை அடைத்தால் கசிவே தேவலை என்றாகிவிடும். போல்ட்டை வெறியோடு முடுக்கினாலும் தகர சம்ப்பின் விளிம்பு துளையருகே குழிந்து, இரண்டு போல்ட்டுக்கு நடுவே வாய் பிளக்கும். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்காமல் பூசினால் எந்த விலை பேஸ்ட்டும் ஒட்டாது.

எல்லாம் ஒழுங்காகச் செய்தும் கசிகிறதா? பிரீதர் குழாயைப் பாருங்கள். அது அடைத்திருந்தால், பிஸ்டனைத் தாண்டி இறங்கும் வாயு போக வழியின்றி எண்ணெயை எந்த இடுக்கு வழியாகவும் வெளியே தள்ளும்.