ஒரு நாள், நான்கு பேர்: தென்காசி, குற்றாலம் செலவுக் கணக்கு

புளியங்குடியில் ரயில் நிலையம் கிடையாது. பக்கத்து நிலையமான பாம்புக்கோவில் சந்தைக்குப் போய் ரயிலுக்குக் காத்திருப்பதைவிட பஸ் ஏறுவதே மேல். தென்காசிக்கு ஏறக்குறைய 33 கி.மீ. 2018 ஜனவரியில் திருத்திய கட்டணப்படி சாதாரண புறநகர்ப் பேருந்தில் கி.மீ.க்கு 58 பைசா, எக்ஸ்பிரஸில் 75 பைசா. ஆளுக்கு ₹19 முதல் ₹25 வரை வரும். ஸ்டேஜ் கணக்கில் இரண்டொரு ரூபாய் கூடலாம். கணவன், மனைவி, அரை டிக்கெட் வயதில் இரண்டு பிள்ளைகள் என்றால் மூன்று முழு டிக்கெட்டுக்குச் சமம். எக்ஸ்பிரஸில் போகவர ₹150. தென்காசியிலிருந்து குற்றாலம் ஐந்தாறு கி.மீ.தான். 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எப்படிக் கூட்டினாலும் குடும்பத்தின் பயணச் செலவு ₹200-ஐ ஒட்டித்தான் நிற்கும்.

சொந்தக் காரில் போனால், ஐந்தருவி, பழைய குற்றாலம் சுற்றுவதையும் சேர்த்து 90 கி.மீ. லிட்டருக்கு 15 கி.மீ. கொடுக்கிற வண்டிக்கு 6 லிட்டர் பெட்ரோல். லிட்டர் நூறு ரூபாய் என்றே வைத்தாலும் ₹600. வண்டி நிறுத்தும் காசு தனி.

இனி, பார்ப்பதற்கு என்ன செலவு? அருவியில் குளிக்கக் காசு இல்லை. தென்காசி காசி விசுவநாதரையும் குற்றாலநாதரையும் பொது வரிசையில் நின்று கும்பிடக் காசு இல்லை. இதன் அருமை நமக்கு உறைப்பதில்லை. தெற்குப் பிரான்சில் அவிஞ்ஞோன் என்றொரு பழைய நகரம் இருக்கிறது. 1309-இல் போப்பாண்டவர் அங்கே வந்து தங்க, 1377 வரை போப்புகளின் இருப்பிடம் ரோம் அல்ல, அவிஞ்ஞோன்தான். அவர்கள் கட்டிய அரண்மனையின் பரப்பு 15,000 சதுர மீட்டர். உள்ளே நுழையப் பெரியவர் ஒருவருக்கு 12 யூரோ அளவில் டிக்கெட். நம் காசில் ஆயிரம் ரூபாய்க்கு மேல். ரோன் ஆற்றின்மேல் 4 வளைவுகள் மட்டுமே மிஞ்சி, பாதியில் நிற்கும் பாலத்தில் ஏறவும் டிக்கெட் உண்டு. அந்தக் காசு கட்டடத்தைக் காப்பாற்றுகிறது என்பதால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் காசு கொடுத்து நுழைகிறவர் அரை நாள் நின்று பார்க்கிறார். நாம் இலவசமாக நுழைந்து, பத்து நிமிடத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுகிறோம்.

தென்காசிக்கும் அவிஞ்ஞோனைப் போன்ற கதைதான். மதுரையை விட்டுத் தெற்கே ஒதுங்கிய பாண்டியர்களில் ஒருவரான பராக்கிரம பாண்டியர், 1446-இல் இங்கே காசி விசுவநாதருக்குக் கோயில் எடுக்கத் தொடங்கினார். வடகாசிக்கு நடக்க முடியாதவனுக்குத் தெற்கே ஒரு காசி. பிற்காலத்தில் இந்தக் கோயிலைப் பழுது பார்த்துக் காப்பவர்களின் காலில் விழுகிறேன் என்று கல்லில் வெட்டி வைத்துவிட்டுப் போனார் அந்த அரசர். ராஜகோபுரம் சிதைந்து, நெடுங்காலம் மொட்டையாகவே நின்றது. சிவந்தி ஆதித்தன் முன்னின்று நடத்திய திருப்பணியில் ஒன்பது நிலையும் மீண்டும் எழுந்து, 1990-இல் கும்பாபிஷேகம் கண்டது. உயரம் ஏறத்தாழ 180 அடி. நமக்கு மறுபக்கம், கிழக்கே இருக்கும் சங்கரன்கோவில் கோபுரமும் ஒன்பது நிலைதான்; ஆனால் 125 அடி. புளியங்குடிக்காரருக்கு இந்த இரண்டு கோபுரமும் ஒரு மணி நேரப் பஸ் தூரத்துக்குள் இருக்கின்றன.

கோபுர வாசலில் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். வெளியே இலை அசையாத நாளிலும் அந்த வழியில் காற்று வேட்டியைப் பிடித்து இழுக்கும். உள்ளே மண்டபத்தில் ஆளை மீறிய உயரத்தில் வீரபத்திரர், காளி, ரதி, மன்மதன். ஒவ்வொன்றும் ஒற்றைக் கல். வீரபத்திரரின் காலடியில் நின்று அண்ணாந்து பார்த்தால்தான் சிற்பியின் கை எவ்வளவு உறுதியாக இறங்கியிருக்கிறது என்று தெரியும். அந்த மண்டபத்துக்கே அரை மணி நேரம் வேண்டும்.

செலவில் பெரிய தொகை சாப்பாடு. செங்கோட்டைப் பக்கம் போய் பார்டர் புரோட்டாவும் நாட்டுக்கோழியும் என்று உட்கார்ந்தால் நான்கு பேருக்கு ஆயிரம் ரூபாய் ஒதுக்க வேண்டும். நம் ஊரில் அதற்கு மாற்று உண்டு. 2025-இல் புவிசார் குறியீடு பெற்ற எலுமிச்சை விளைகிற ஊர் இது. நாலு பழத்தைப் பிழிந்து சாதம் கிளறி, பருப்புத் துவையலோடு தூக்கில் எடுத்துப் போனால் அந்த ஆயிரம் இருநூறாகச் சுருங்கிவிடும். குளித்து முடித்த பசிக்கு அது தேவாமிர்தம்.

ஆகவே பஸ்ஸும் கட்டுச்சோறும் என்றால் ஒரு நாள் ₹400. காரும் கடைச் சாப்பாடும் என்றால் ₹1,600-க்குக் குறையாது. நான் கவலைப்படுவது காசைப் பற்றியல்ல, நேரத்தைப் பற்றி. காலையில் நேரே அருவிக்குப் போய், பதினொன்றரைக்குத் தலை துவட்டிக்கொண்டு வருகிறவர்களுக்குக் கோயில் நடை சாத்துகிற நேரம் காத்திருக்கும். திரும்பத் திறக்கச் சாயங்காலமாகும். அதற்குள் பிள்ளைகள் தூங்கி வழியும். வரிசையை மாற்றினால் போதும். ஆறு மணி பஸ், ஏழேகாலுக்குத் தென்காசிக் கோயில், ஒன்பதரைக்குக் குற்றாலநாதர், பிறகு சித்திர சபை, கடைசியில் அருவி.

அதிகம் பேர் தவறவிடுவது சித்திர சபையைத்தான். நடராசரின் ஐந்து சபைகளில் சிதம்பரமும் மதுரையும் எல்லோருக்கும் தெரியும். திருநெல்வேலியும் திருவாலங்காடும் பலருக்குத் தெரியும். ஐந்தாவது, பேரருவியிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறது. இங்கே நடராசருக்குச் சிலை இல்லை, ஓவியம். சுவர் முழுக்க மூலிகை வண்ணத்தில் புராணக் காட்சிகள். கண் அரையிருட்டுக்குப் பழகவே ஐந்து நிமிடம் ஆகும். அதற்குப் பிறகுதான் முகங்கள் ஒவ்வொன்றாகப் பிடிபடும். நாற்பது நிமிடமாவது இருங்கள்.

பேரருவி சுமார் 60 மீட்டர் உயரத்திலிருந்து வருகிறது. நடுவே பொங்குமாகடல் என்ற பள்ளத்தில் விழுந்து வேகம் தணிவதால்தான் கீழே நின்று தலையைக் கொடுக்க முடிகிறது. சாரல் காலமான ஆனி முதல் ஆவணி வரை, ஞாயிற்றுக்கிழமை வரிசையில் ஒரு மணி நேரம் நின்றால் ஐந்து நிமிடக் குளியல். செவ்வாய், புதனில் கணக்கு தலைகீழாகும். வெள்ளம் என்று போலீஸ் விசில் ஊதினால் அந்த நொடியே வெளியேற வேண்டும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு மாணவரின் உயிரைக் கொண்டுபோனது.

ஐப்பசி, கார்த்திகையில் குளிக்கத் தடை என்று கேட்டதுமே பயணத்தைத் தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. அன்றைக்கும் பஸ் கட்டணம் அதே ₹25-தான். அருவியைப் பாலத்தில் நின்று பார்க்கலாம். கோயில்களிலும் சித்திர சபையிலும் நெரிசல் இருக்காது. பிள்ளைகளுக்கு ஓவியத்தைக் காட்டிக் கதை சொல்ல ஏற்ற காலம் அதுதான்.