இரவுப் பூங்கா: பெண்களின் பயத்துக்கு அமைப்பும் ஒரு காரணம்

மருத்துவர் தினமும் நடக்கச் சொல்லியிருப்பார். நம் வீட்டுப் பெண்கள் பலருக்கு அதற்கு நேரம் கிடைப்பது மஃரிபுக்குப் பிறகுதான். "இருட்டிவிட்டது, பூங்காவுக்குப் போக வேண்டாம்" என்று தடுத்துவிடுகிறோம். அந்தப் பயத்துக்குப் பூங்காவின் அமைப்பும் ஒரு காரணம் என்பதை நாம் யோசிப்பதில்லை.

ஆஸ்திரியாவின் வியன்னா நகரம் 1990களில் இதை ஆராய்ந்தது. ஒன்பது வயதைத் தாண்டியதும் சிறுமிகள் பூங்காவுக்கு வருவது வெகுவாகக் குறைந்தது. சிறுவர்கள் தொடர்ந்து வந்தார்கள். பெரிய திடல்களை அவர்களே பிடித்துக்கொண்டதால் சிறுமிகள் ஒதுங்கிப் போனார்கள். 1999 முதல் இரண்டு பூங்காக்களைத் திருத்தி, திடலைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, பாதைகளும் இருக்கைகளும் அமைத்தார்கள். சிறுமிகள் திரும்ப வந்தார்கள்.

இரவில் முதலில் கவனிக்க வேண்டியது வெளிச்சம். உயர்கோபுர விளக்கு ஒன்று போதாது. வேப்பமரமும் புங்கமரமும் அதை மறைத்து, கீழே இருளாக்கிவிடும். எதிரே வருபவரின் முகம் தெரியும்படி, நடைபாதையை ஒட்டி உயரம் குறைந்த விளக்குகள் வேண்டும்.

அடுத்தது பார்வை. செடிகள் முழங்கால் உயரத்தைத் தாண்டக்கூடாது. மரக்கிளைகள் தலைக்கு மேலே இருக்க வேண்டும். மதில் சுவருக்குப் பதில் கம்பி வேலி இருந்தால் தெருவில் போகிறவர்களுக்கும் உள்ளே நடப்பது தெரியும்.

மூன்றாவது வழி. ஒரே வாசல் என்றால், அங்கே யாராவது மறித்து நின்றால் வெளியேற முடியாது. ஆற்றங்கரையில் இது இன்னும் முக்கியம். வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம் பக்கம் தாமிரபரணிக் கரையில் நடப்பவருக்கு ஒரு பக்கம் தண்ணீர். விலகிப் போக மறுபக்கம் மட்டுமே உண்டு. அங்கே சாலைக்கு ஏறும் வழிகள் அடுத்தடுத்து, வெளிச்சத்தோடு இருக்க வேண்டும்.

நான்காவது ஆள் நடமாட்டம். கழிப்பறையும் குழந்தைகள் விளையாடும் இடமும் மூலையில் இல்லாமல் வாசலருகே இருந்தால் குடும்பங்கள் வரும். நாலு பெண்கள் நடப்பதைப் பார்த்தால் ஐந்தாவது பெண்ணும் வருவார்.

தமிழக மாநகராட்சிகளில் 2022 முதல் பகுதி சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. மேலப்பாளையமோ பாளையங்கோட்டையோ, அந்தந்தப் பகுதிப் பெண்களே ஒரு மாலை ஒன்றாக நடந்து, இருட்டான இடங்களைக் குறித்து, அந்தப் பட்டியலைக் கூட்டத்தில் கொடுக்கலாம். "பாதுகாப்பு வேண்டும்" என்று பொதுவாகக் கேட்பதைவிட, "இந்த மரத்தடியில் விளக்கு வேண்டும்" என்று கேட்பது பலன் தரும். நம் வீட்டு ஆண்கள் பெண்களைத் தடுப்பதை விட்டு, அந்தக் கூட்டத்துக்கு அவர்களோடு போகட்டும்.