ஐப்பசி மழையும் வீட்டுக் கோழியும்

'சேவல் கூவாவிட்டாலும் பொழுது விடியும்' என்பது பழமொழி. ஆனால் காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் எண்ணூர்க் குப்பங்களிலும் இன்றும் பல வீடுகளில் சேவல் கூவித்தான் பொழுது விடிகிறது. துறைமுகத்துக்குச் செல்லும் லாரிகளின் இரைச்சலையும் மீறி அக்குரல் கேட்கும். இராயபுரமோ புனித இராயப்பரின் பெயரைத் தாங்கிய ஊர். சேவல் கூவக் கேட்டுத் தம் தவற்றை உணர்ந்து அழுதவர் அவர். ஆகவே, கோழியைப் பற்றிச் சில செய்திகளை இவ்வாண்டு மலரில் எழுதுவது பொருத்தமே என எண்ணுகிறேன்.

எங்கள் வீட்டில் கருப்பி என்றொரு பெட்டைக்கோழி இருந்தது. அது இட்ட முட்டைகளை விற்ற காசில்தான் ஆயா எனக்கும் தம்பிக்கும் நோட்டுப் புத்தகம் வாங்கித் தருவார். ஓர் ஐப்பசியில் அது முட்டையிடுவதை நிறுத்திவிட்டது. கழுத்திலும் மார்பிலும் இறகு கொட்டியது. "இதற்குச் சீக்கு வந்துவிட்டது, கறிக்கடைக்குக் கொடுத்துவிடலாம்" என்றார் அம்மா. "பொறு, தை பிறக்கட்டும்" என்றார் ஆயா.

ஆயா சொன்னதே சரி. கருப்பிக்கு வந்தது நோயன்று, ஓய்வு. கோழி முட்டையிடுவதற்கும் பகல் வெளிச்சத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. வெளிச்சம் கண் வழியாக மட்டுமன்றி, மண்டையோட்டைக் கடந்தும் அதன் மூளையைத் தூண்டுகிறது. சென்னையில் ஜூன் மாதத்தில் பகல் ஏறத்தாழ 13 மணி நேரம். டிசம்பரிலோ சுமார் 11 மணி 20 நிமிடம்தான். பகல் குறையும்போது ஓராண்டு கடந்த கோழிகள் பழைய இறகை உதிர்த்துப் புதிய இறகை வளர்க்கத் தொடங்குகின்றன. இதற்கு இரண்டு மூன்று மாதங்கள் ஆகலாம். இறகில் பெரும்பகுதி புரதமே. உண்ணும் புரதமெல்லாம் இறகுக்கே செலவாவதால் முட்டை நின்றுபோகிறது.

இந்நாட்களில் அதற்கு நல்ல உணவு தேவை. நொய்யும் கேழ்வரகும் மட்டும் போதா. மீன் துறைமுகம் அருகில் உள்ள நமக்கு மீன் தலைக்கும் குடலுக்கும் பஞ்சமில்லை. அவற்றை வேகவைத்துக் கொடுக்கலாம். உப்புக் கருவாட்டை அப்படியே போடலாகாது. மிகுந்த உப்பு கோழிக்குத் தீங்கு செய்யும். முட்டை ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டால் ஆனது. கடற்கரையில் கிடைக்கும் கிளிஞ்சலை இடித்துத் தனிச் சட்டியில் வைத்தால், வேண்டிய அளவைக் கோழி தானே கொத்திக்கொள்ளும்.

சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மாதங்களில்தான் பெய்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நம் பகுதித் தெருக்களில் வெள்ளம் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எனவே கூண்டைச் செங்கல் அடுக்கி உயர்த்தி வைக்க வேண்டும். தரையில் உமியோ மரத்தூளோ பரப்பி, நனைந்ததும் மாற்ற வேண்டும். ஈரத் தரையில் இரத்தக் கழிச்சல் எளிதில் பரவும். பூஞ்சணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கில் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு உண்டாகும். 1960-இல் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்ததற்கு இத்தகைய கடலைத் தீவனமே காரணம்.

ஆனால் ஆயாவும் ஒன்றில் தவறினார். "நாட்டுக்கோழிக்கு ஊசி எதற்கு?" என்று தடுப்பூசியைத் தள்ளிப்போட்டார். கார்த்திகையில் எங்கள் ஒன்பது குஞ்சுகளும் வெள்ளைக் கழிச்சலுக்கு இரையாயின. இராணிக்கெட் நோய் என்பதும் இதுவே. இமயமலைச் சாரலில் உள்ள இராணிக்கெட் என்னும் ஊரில் 1927-இல் கண்டறியப்பட்டதால் இப்பெயர் பெற்றது. வந்தபின் இதற்கு மருந்தில்லை. குஞ்சு பொரித்த 7-ஆம் நாள் கண்ணிலும் மூக்கிலும் சொட்டு மருந்தும், 8-ஆம் வாரம் ஊசியும் போடுவதே காப்பு. அரசு கால்நடை மருந்தகத்தில் இதுபற்றிக் கேட்டறியலாம். மாதவரத்தில் தலைமையிடம் கொண்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம், தீனியாகக் கொடுக்கக்கூடிய குருணைத் தடுப்பு மருந்தையும் உருவாக்கியுள்ளது.

அப்படியானால் ஓய்வையும் நோயையும் எப்படிப் பிரித்தறிவது? இறகு உதிர்க்கும் கோழி தீனி எடுக்கும், நடமாடும், உதிர்ந்த இடத்தில் முள் போன்ற புது இறகு முளைத்திருக்கும். நோயுற்ற கோழியோ தீனி எடுக்காது. மூலையில் ஒடுங்கி நிற்கும். வெள்ளையும் பச்சையுமாகக் கழியும். வாய் திறந்து மூச்சு வாங்கும். சிலவற்றுக்குக் கழுத்தும் திருகிக்கொள்ளும். அதனை உடனே பிரித்து வைக்க வேண்டும். இறந்த கோழியைக் கால்வாயில் எறியாமல், சுண்ணாம்பு தூவி ஆழப் புதைத்துக் கைகளைக் கழுவ வேண்டும்.

தை பிறந்தது. பளபளக்கும் புது இறகுடன் கருப்பி மீண்டும் முட்டையிட்டது. அடுத்து அது அடைகாத்துப் பொரித்த குஞ்சுகளை, 7-ஆம் நாள் ஆயாவே முறத்தில் வைத்து மருந்தகத்துக்கு எடுத்துச் சென்றார்.

கோழி தன் குஞ்சுகளைச் சிறகின்கீழ்ச் சேர்ப்பதைத் தம் அன்புக்கு உவமையாக நம் ஆண்டவர் கூறினார். அச்சிறகு உதிரும் காலத்தில் அதனைக் காப்பது நம் கடமையன்றோ? எங்கே பொறுக்க வேண்டும், எங்கே விரைய வேண்டும் என அறிவதே வளர்ப்பவருக்கு அழகு.