பைட்டில் அடங்கும் எழுத்து

பொருநைக் கரையிலுள்ள ஆழ்வார்திருநகரிக்குப் பழஞ்சுவடி தேடிச் சென்றவர் டாக்டர் உ. வே. சாமிநாதையர். பண்டை நாளில் ஏடெழுதுவோர், ஓலை கிழியும் என அஞ்சி, மெய்யெழுத்துக்குப் புள்ளியிடார். சொற்களுக்கிடையே இடமும் விடார். அங்ஙனம் செறித்து எழுதியதை, அம்முறை அறிந்தவரே பிரித்துப் படிக்க வல்லவராயினர். செறிப்பவரும் பிரிப்பவரும் ஒரே முறையைக் கைக்கொள்ளல் வேண்டும் என்னும் இவ்வுண்மை கணிப்பொறிக்கும் பொருந்தும்.

கணிப்பொறி அறிந்தவை 0, 1 என்னும் இரண்டு இலக்கங்களே. அவ்விலக்கம் ஒன்று நிற்கும் இடம் பிட் எனப்படும். எட்டுப் பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட். அது 0 முதல் 255 வரையுள்ள எண்களுள் ஒன்றைத் தாங்கும்.

யூனிகோடு என்னும் உலகப் பொதுமுறையில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. 'நெல்லை' என்னும் சொல்லின் முதற்கண் உள்ள நகரத்தின் எண் 2984. இதனைப் பதினாறு பிட்டுகளில் எழுதினால் 0000101110101000 என வரும். இஃது ஒரு பைட்டில் அடங்காது. ஆதலின், 1992-இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வகுத்த யூடிஎஃப்-8 முறை, இதனை 4, 6, 6 பிட்டுகள் கொண்ட மூன்று கூறுகளாக்குகிறது. அவை 0000, 101110, 101000 என்பன. முதற்கூற்றின் முன் 1110 என்றும், ஏனைய இரண்டின் முன் 10 என்றும் அடையாளம் இடப்படும். இவ்வாறு 224, 174, 168 என்னும் மூன்று பைட்டுகள் தோன்றுகின்றன.

படிக்கும்போது அடையாளங்களை நீக்கினால் எஞ்சும் எண்கள் 0, 46, 40. முதலாவதை 4096-ஆலும் இரண்டாவதை 64-ஆலும் பெருக்கி, மூன்றாவதைக் கூட்டினால் மீண்டும் 2984 கிடைக்கும். 'நெல்லை' என்பது ந, ஒற்றைக்கொம்பு, ல, புள்ளி, ல, ஐகாரக்குறி என ஆறு எண்களாக அமைவதால், அச்சொல் பதினெட்டுப் பைட்டுகளில் அடங்கும்.

செறிக்கும் நிரலை ஒருவரும் பிரிக்கும் நிரலை மற்றொருவரும் தனித்தனியே எழுதினால், ஒரு பிட் பிறழ்ந்தாலும் எழுத்து வேறாகிவிடும். ஆகவே, கூறுகளின் அளவுகளை ஒரே அட்டவணையில் குறித்து, அதனைக் கொண்டு இரு நிரல்களையும் கணிப்பொறியே ஆக்குமாறு செய்தலும் உண்டு. அட்டவணையைத் திருத்தினால் இரண்டும் ஒருங்கே திருந்தும்.

1990-களில் தமிழ் எழுத்துருக்கள் வெவ்வேறு முறைகளைப் பின்பற்றின. ஒன்றில் எழுதியது மற்றொன்றில் பொருளற்ற குறிகளாய்த் தோன்றியது. 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடு முறையை ஏற்றது. ஏடு அழியாதிருந்தும் முறை மறந்தால் நூல் அழிந்ததேயாகும். பைட்டுக்கும் அதுவே நியதி.