தாராவிக்கு 18, செம்பூருக்கு 24: தமிழ் எழுத்தை எண்ணத் தெரியாத கணினிக் கருவியும் கெர்னிகன் செய்த திருத்தமும்

மும்பை: தாராவி என்ற பெயரில் எத்தனை எழுத்துகள் உள்ளன எனக் கேட்டால், மூன்று என்று ஒன்றாம் வகுப்பு மாணவரும் பதில் கூறுவார். ஆனால், கணினியில் பல பத்தாண்டுகளாகப் பயன்பாட்டில் உள்ள சில கட்டளை வரிக் கருவிகள் அதே கேள்விக்கு 18 என்று விடை அளித்து வந்தன. மாட்டுங்காவுக்கு 30, செம்பூருக்கு 24. இந்தத் தவறான கணக்கைப் பெருமளவு சீர்செய்தவர், யூனிக்ஸ் தலைமுறையின் மூத்த கணினி வல்லுநர்களில் ஒருவரான பிரையன் கெர்னிகன். 2022-ல் அந்தத் திருத்தத்தை அவர் எழுதியபோது அவருக்கு வயது 80.

மாட்டுங்காவில் உள்ள வீர்மாதா ஜீஜாபாய் தொழில்நுட்பக் கழகம் முதல் செம்பூரில் உள்ள விவேகானந்தர் கல்விச் சங்கத்தின் பொறியியல் கல்லூரி வரை, கணினிப் பொறியியல் பயிலும் மாணவர்கள் இயக்க முறைமைப் பாடத்தில் லினக்ஸ் கட்டளைகளைக் கற்கின்றனர். மும்பை மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிகளையும் நடத்தி வருகிறது. தமிழ்வழியில் படித்துவிட்டு அத்தகைய ஆய்வகத்தில் அமரும் ஒரு மாணவர், தமிழில் உள்ள ஒரு பெயர்ப் பட்டியலைப் பாடநூலில் உள்ள கட்டளைக்கு உட்படுத்தினால், ஆங்கிலப் பட்டியலுக்குக் கிடைத்த சரியான விடை தமிழுக்குக் கிடைப்பதில்லை. தவறு எங்கே என்பதும் திரையில் தெரிவதில்லை. பிழை செய்தி எதுவுமின்றி தவறான எண் மட்டும் வருகிறது.

கட்டளை வரி என்பது என்ன?

சுட்டியால் படங்களைச் சொடுக்காமல், கட்டளைகளைத் தட்டச்சு செய்து கணினியை இயக்கும் முறையே கட்டளை வரி. 1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் உருவாக்கத் தொடங்கிய யூனிக்ஸ் இயக்க முறைமை இதற்கு ஒரு தனிப் பாணியை வகுத்தது. ஒரு கருவி ஒரே வேலையை மட்டும் செய்யும். ஒரு கருவி தரும் விடையை அடுத்த கருவி உள்வாங்கிக் கொள்ளும். இந்த இணைப்புக்கு 'பைப்', அதாவது குழாய் என்று பெயர். இதனை வலியுறுத்தியவர் டக்ளஸ் மெக்கில்ராய். 1973-ல் இது யூனிக்ஸில் இடம்பெற்றது.

டொராண்டோவில் 1942-ல் பிறந்த கெர்னிகன், பெல் ஆய்வகத்தில் பணியாற்றியவர். ரிச்சியுடன் இணைந்து 1978-ல் சி மொழி நூலை எழுதினார். 1977-ல் ஆல்ஃபிரட் ஏஹோ, பீட்டர் வைன்பர்கர் ஆகியோருடன் சேர்ந்து 'ஆக்' என்ற சிறு நிரல்மொழியை உருவாக்கினார். மூவரது குடும்பப் பெயர்களின் முதல் எழுத்துகளே அந்தப் பெயர். வரிவரியாக உள்ள தரவில் வேண்டியதைத் தேர்ந்தெடுப்பது, கூட்டுவது, எண்ணுவது ஆகியவற்றை ஓரிரு வரிகளில் முடித்துவிட உதவுவது அது.

யூனிக்ஸை அறிமுகப்படுத்தும் 1982-ம் ஆண்டுக் குறும்படம் ஒன்றில் கெர்னிகன் குழாய் முறையைச் செய்து காட்டுகிறார். அவர் எடுத்துக்கொண்ட வேலை, எழுத்துப் பிழைகளைக் கண்டறிவது. ஒரு கட்டுரையைச் சொற்களாகப் பிரிக்க வேண்டும். பெரிய எழுத்துகளைச் சிறிய எழுத்துகளாக்க வேண்டும். பின்னர் அகர வரிசைப்படுத்தி, ஒரே சொல் மீண்டும் வந்தால் நீக்கி, மிஞ்சியவற்றை அகராதியுடன் ஒப்பிட வேண்டும். அகராதியில் இல்லாதவை பிழையாக இருக்கலாம். ஐந்து சிறு கருவிகளை அவர் ஒரே வரியில் கோத்துவிடுகிறார்.

தமிழுக்கு இதே முறையைப் பொருத்தினால் ஒரு படி மிச்சமாகிறது. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு இல்லை. ஆனால் இறுதிப் படியில் சிக்கல் எழுகிறது. 'தாராவியிலிருந்துதானே' என்ற பிழையற்ற சொல் எந்த அகராதியிலும் தனிச்சொல்லாக இடம்பெறாது. வேற்றுமை உருபையும் இடைச்சொல்லையும் பிரித்தறியும் ஆறாவது கருவி ஒன்று தமிழுக்குத் தேவைப்படுகிறது.

மேசைக் கணினி பற்றிய மாற்றுக் கருத்து

சாளரம், சுட்டி, படக்குறிகள் கொண்ட மேசைக் கணினி முறை, ஜெராக்ஸ் ஆய்வகத்தின் 1973-ம் ஆண்டு ஆல்டோ கணினியில் உருப்பெற்று, 1984-ல் ஆப்பிளின் மெக்கின்டோஷ் வழியாகப் பரவலாக அறியப்பட்டது. கண்ணில் தெரிவதே அச்சிலும் கிடைக்கும் என்பது அதன் பெருமையாகப் பேசப்பட்டது. கண்ணில் தெரிவதைத் தவிர வேறு எதுவும் கிடைக்காது என்பதே அதிலுள்ள குறை என்ற கிண்டல் கெர்னிகனின் பெயரால் இன்றும் வழங்குகிறது.

இது பழமையை விட மனமில்லாதவரின் பேச்சு என்று ஒதுக்கிவிட முடியாது. பட்டியல் மெனுவில் இல்லாத வேலையை மேசைக் கணினிச் செயலியில் செய்ய வழியில்லை. யூனிகோடுக்கு முந்தைய தமிழ்க் கோப்புகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1990-களிலும் அதன் பின்னரும் தமிழ் ஆவணங்கள் டிஸ்கி, டாப், டாம் எனப் பல குறியாக்கங்களில் தட்டச்சு செய்யப்பட்டன. 1999-ல் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டைத் தொடர்ந்து டாப், டாம் இரண்டும் தமிழ்நாடு அரசின் தரமாக ஏற்கப்பட்டன. உரிய எழுத்துரு இல்லாவிடில் அந்தக் கோப்புகள் இன்று பொருளற்ற குறிகளாகவே தெரியும்.

டிஸ்கி குறியாக்கத்தில் 400 மலர்க் கட்டுரைகளை வைத்திருக்கும் ஒரு சங்கம், அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து, நகலெடுத்து, மாற்றியில் ஒட்டி, மீண்டும் சேமிப்பதற்குப் பல நாள்கள் ஆகும். லினக்ஸ் கணினிகளில் உள்ள க்னூ சி நூலகத்துடன் வரும் 'ஐகான்வ்' என்ற கட்டளைக்கு டிஸ்கி தெரியும். நானூறையும் ஒரே வரியில் அது யூனிகோடாக மாற்றிவிடும். டாப், டாம் கோப்புகளுக்கு அந்த வசதி இல்லை; தனி மாற்றி நிரல்களையே நாட வேண்டும்.

18 எப்படி வந்தது?

கணினி எழுத்துகளைச் சேமிப்பது பைட் என்னும் அலகுகளில். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட் போதும். 'ஆக்' பிறந்த காலத்தில் எழுத்தும் பைட்டும் ஒன்றே எனக் கருதப்பட்டது இயல்பு. 1991-ல் வெளிவந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. 1992-ல் கென் தாம்சன், ராப் பைக்குடன் சேர்ந்து யு.டி.எஃப்-8 குறியாக்கத்தை வகுத்தார். நியூஜெர்சி உணவகம் ஒன்றில் மேசைத் தாளின் மீது அதன் வடிவம் எழுதப்பட்டது என்பது கணினி வரலாற்றில் பலரும் அறிந்த செய்தி. அந்த முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளைப் பிடிக்கிறது.

யூனிகோடில் 'தா' என்பது ஒரே குறி அல்ல. 'த' ஒரு குறி, கால் மற்றொரு குறி. எனவே தாராவி ஆறு குறிகள், 18 பைட்டுகள். உயிர்மெய் எழுத்துகள் 216-க்கும் தனித்தனி எண்கள் யூனிகோடில் கிடையாது. மெய்யெழுத்துகளுக்கும் தனி எண் இல்லை. 'க்' என்பது ககரமும் புள்ளியும் சேர்ந்த இரண்டு குறிகள். இவை அனைத்துக்கும் தனி எண் தரும் டேஸ்-16 என்ற குறியாக்கத்தையும் தமிழ்நாடு அரசு 2010-ல் யூனிகோடுடன் சேர்த்துத் தரமாக அறிவித்தது. நடைமுறையில் யூனிகோடே நிலைபெற்றுவிட்டது.

கெர்னிகன் 2022-ல் செய்தது, அவரது மூல 'ஆக்' நிரலைப் பைட்டுகளுக்குப் பதிலாகக் குறிகளை எண்ணும்படி மாற்றியது. எண்ணுவதோடு, சொல் வடிவங்களைத் தேடும் பகுதியையும் அதற்கேற்பத் திருத்த வேண்டியிருந்தது. திருத்தத்தை அனுப்பும்போது, இன்றைய நிரலர்கள் அன்றாடம் பயன்படுத்தும் 'கிட்' என்ற கருவி தமக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை என்றும் அவர் குறிப்பிட்டார். இந்த மாற்றங்கள் அடங்கிய 'ஆக்' மொழி நூலின் இரண்டாம் பதிப்பு 2023-ல் வெளியானது. க்னூ அமைப்பின் 'காக்' என்ற மற்றொரு வடிவம் இதே வசதியைப் பல ஆண்டுகளுக்கு முன்பே பெற்றிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். எனினும் மூல 'ஆக்' பல இடங்களில் பயன்பட்டு வருவது. ஆப்பிள் கணினிகளிலும் ஃப்ரீபி.எஸ்.டி.யிலும் அதன் வழிவந்த நிரலே உள்ளது.

இத்திருத்தத்துக்குப் பின் தாராவிக்கு விடை 6. மாட்டுங்காவுக்கு 10, செம்பூருக்கு 8. இப்போதும் தமிழ் ஆசிரியர் ஏற்கும் விடை வரவில்லை. பாதியாக வகுத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். சயான் என்ற பெயர் அதனை மறுத்துவிடும். அதில் குறிகள் ஐந்து, எழுத்துகள் மூன்று.

ஆனால் குறிகளை அறிந்த கருவியிடம் சரியான விடையைப் பெற எளிய வழி உண்டு. கால், கொம்பு, கொக்கி, புள்ளி ஆகிய துணைக் குறிகள் யூனிகோட் வரிசையில் ஒரே தொகுதியாக அடுத்தடுத்து உள்ளன. அந்தத் தொகுதியில் உள்ளவற்றை நீக்கிவிட்டு எஞ்சியதை எண்ணுமாறு ஒரே வரியில் கட்டளையிடலாம். செம்பூர் 'சமபர' ஆகும், விடை 4. மாட்டுங்கா 'மடடஙக' ஆகும், விடை 5. பைட்டுகளை மட்டுமே அறிந்த கருவியில் துணைக் குறிகளை இவ்வாறு ஒரு தொகுதியாகக் குறிப்பிடவே இயலாது.

தீராத சிக்கல்கள்

டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் தொகுப்புகளில் இயல்பாக இடம்பெற்று வந்துள்ள 'மாக்' என்ற வடிவம் பைட்டுகளையே எண்ணும் வழக்கமுடையது. ஆய்வகக் கணினியில் எந்த வடிவம் உள்ளது என்பதை அறிய, தாராவியின் நீளத்தைக் கேட்டாலே போதும்.

அகர வரிசை அடுத்த சிக்கல். யூனிகோடில் நகரத்தை அடுத்து உடனே னகரம் வருகிறது. தமிழ் நெடுங்கணக்கில் னகரம் மெய்களின் இறுதியில் உள்ளது. புள்ளிக்குரிய எண் துணைக் குறிகளில் கடைசியாக இருப்பதால், எண் வரிசைப்படி 'க்' என்பது 'கௌ'வுக்கும் பின்னால் போய்விடும். தமிழுக்குரிய வரிசை விதிகள் யூனிகோட் கூட்டமைப்பின் மொழித் தரவில் உள்ளன. அவற்றைப் பயன்படுத்துமாறு கருவிக்குச் சொல்லாவிட்டால், மாணவர் பட்டியலின் வரிசை தமிழ் அகராதியின் வரிசையாக இராது.

மேசைக் கணினி தமிழுக்குச் செய்த நன்மையையும் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. செம்பூரின் 'செ'யில் முதலில் சேமிக்கப்படுவது 'ச'. ஒற்றைக்கொம்பு அதன் பின்னரே வருகிறது. அதை முன்னால் இடம்மாற்றி வரைவது மேசைக் கணினியின் எழுத்துரு அமைப்பு. ஒவ்வொரு குறிக்கும் சமமான கட்டம் ஒதுக்கும் கட்டளைத் திரைகளில் கொம்பு விலகியும், எழுத்துகள் ஒன்றன்மீது ஒன்று ஏறியும் தெரிவது உண்டு. வரைகலை இல்லாத வெறும் லினக்ஸ் திரையில் தமிழைச் சரியாகப் படிக்கவே இயலாது. எனவே கட்டளை வரியில் சரியாகச் செய்த தமிழ் வேலையைச் சரிபார்க்கவும் மேசைக் கணினியின் உரைத் திருத்தியே தேவைப்படுகிறது. இந்தக் குறையை மூத்த வல்லுநர்களின் விவாதங்களில் காண்பது அரிது; அவர்களது எழுத்துகள் கட்டத்துக்குள் அடங்கிவிடுபவை.

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ல் நிறுத்தியது. விண்டோஸ் 11-ஐ ஏற்காத பழைய கணினிகளில் லினக்ஸை நிறுவி இக்கருவிகளைப் பயன்படுத்தலாம். 1970-களின் கணினிகளுக்காக எழுதப்பட்ட இவற்றுக்கு நினைவகம் மிகக் குறைவாகவே தேவை. மேசைக் கணினியே இல்லாத மாணவர்கள் 'டெர்மக்ஸ்' என்ற செயலி மூலம் ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் கட்டளை வரியைப் பெற முடியும்.

பவாயில் உள்ள மும்பை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா தொடங்கிய 'ஸ்போக்கன் டுடோரியல்' திட்டம், லினக்ஸ் கட்டளைகள் உள்ளிட்ட கட்டற்ற மென்பொருள்களைச் சுமார் 10 நிமிடக் காணொளிப் பாடங்களாக இலவசமாக வழங்கி வருகிறது. பல பாடங்களுக்குத் தமிழ்க் குரல் பதிவும் உள்ளது. பாடத்தை ஒரு பக்கம் ஓடவிட்டு, மறுபக்கம் அதே கட்டளையைத் தாமே தட்டச்சு செய்து பார்க்குமாறு அவை அமைக்கப்பட்டுள்ளன.