மாம்பழ ஈயும் பூனைக்காலியும்

ராஜபாளையத்தில் சப்பட்டை மாம்பழம் வாங்கி நாலு நாள் மறந்து வைத்துவிட்டால், கூடையைச் சுற்றிக் குட்டி ஈக்கள் மொய்க்கும். தோப்பில் காயைத் துளைத்து முட்டையிடும் பழ ஈ வேறு. இவை டிரோசோபிலா இனம், அளிந்த பழத்தில் பெருகும் ஈஸ்ட்டைத் தேடி வருபவை. பார்க்கின்சன் எனும் நடுக்குவாதத்தைப் பற்றி இன்று நாம் அறிந்ததில் கணிசமான பங்கை இந்த இனத்து ஈதான் காட்டிக்கொடுத்தது.

கசகசா அளவு மூளையில் மனித நோயை எப்படித் தேடுவது? ஈயும் உடலசைவுக்கு, நடுக்குவாதத்தில் குறைந்துபோகும் டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளை நம்பித்தான் இருக்கிறது. மனிதருக்கு நோய் தரும் மரபணுக்களில் ஏறத்தாழ முக்கால் பங்குக்கு ஈயிடம் இணை உண்டு. ஆயுளோ இரண்டு மூன்று மாதம். முதுமையில் வரும் நோயை ஆராய வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டாம்.

சோதனையும் எளிது. குழாயைத் தட்டினால் ஈக்கள் அடியில் விழும். நலமானவை உடனே மேலே ஏறும். 2000-இல் மெல் ஃபீனியும் வெல்கம் பெண்டரும் நடுக்குவாதத்தோடு தொடர்புடைய, மனிதரின் ஆல்பா-சைனுக்ளின் புரதத்தை ஈக்குள் உருவாக்கினார்கள். வயது ஏற ஏற அந்த ஈக்களின் டோபமைன் நரம்பணுக்கள் அழிந்தன; ஈக்கள் குழாயில் ஏற முடியாமல் திணறின.

எனக்கு இதைவிட வியப்பு 2006-இல் வந்த முடிவுதான். பிங்க்1, பார்க்கின் என்ற இரு மரபணுக்களில் எது பழுதானாலும் இளவயதிலேயே நடுக்குவாதம் வரும். இரண்டுக்கும் என்ன உறவு என்பது மட்டும் புரியாமலிருந்தது. பிங்க்1 இல்லாத ஈக்களுக்கு, உயிரணுவுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா சிதைந்து சிறகு தொய்ந்தது. பார்க்கினைக் கூடுதலாகச் சேர்த்ததும் தேறின. மாற்றிச் செய்தபோது பலனில்லை. ஆக, பிங்க்1 ஏவ, பார்க்கின் செய்கிறது. பழுதான மைட்டோகாண்ட்ரியாவைக் கழித்துக்கட்டும் வேலை அது என்பது பின்னர் மனித உயிரணுக்களிலும் உறுதியானது.

ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரம் போன்ற இடங்களில் புதர் மேல் படரும் பூனைக்காலிக்கும் இந்தக் கதையில் இடமுண்டு. காயின் சுணை பட்டால் அரிப்பு உயிரை வாங்கும். அதன் விதையிலிருந்து, மூளையில் டோபமைனாக மாறும் லெவோடோபாவை 1937-இலேயே சென்னையில் தாமோதரனும் ராமசாமியும் பிரித்தெடுத்துவிட்டார்கள்; அது நடுக்குவாதத்துக்கு மருந்தானது 1960-களில்தான். 2014-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் பிங்க்1 பழுதான ஈக்களின் உணவில் பூனைக்காலிச் சாற்றைக் கலந்தார்கள். ஏறும் திறனும் மோப்பமும் மேம்பட்டன.

இதைப் படித்துவிட்டு நாட்டு மருந்துக் கடைக்கு ஓடிவிட வேண்டாம். விதைக்கு விதை லெவோடோபாவின் அளவு மாறும். ஏற்கெனவே லெவோடோபா மாத்திரை சாப்பிடுபவர் மருத்துவரைக் கேட்காமல் பொடியையும் சேர்த்துக்கொண்டால், மருந்து மிகுந்து உடல் தன்னிச்சையாக முறுக்கிக்கொள்ளும். எழுந்து நிற்கையில் ரத்த அழுத்தம் சரிந்து விழவும் நேரும்.