ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ எவ்வளவு தூரம்?

பின்லாந்துத் தலைநகர் ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவின் நரிட்டா விமான நிலையம் சுமார் 7,800 கிலோமீட்டர். இரண்டின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுத்தால் எந்தக் கணிப்பானும் நொடியில் இதைச் சொல்லிவிடும். பூமியை 6,371 கி.மீ. ஆரமுள்ள உருண்டையாக வைத்துக்கொண்டு, அதன் பரப்பில் இரு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய வளைவை அளப்பதே இந்தக் கணக்கு. பெருவட்டத் தூரம் என்பார்கள். பூமி துருவங்களில் சற்றுத் தட்டை என்பதால் அரை சதவீதம் வரை பிசகலாம், அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. சிக்கல் அடுத்த படியில் வருகிறது. ஜெட் விமானம் மணிக்கு 900 கி.மீ. போகும், ஆகவே வகுத்தால் பயண நேரம் கிடைத்துவிடும் என்று நம்பிவிடுகிறோம். 7,800 கி.மீ.க்கு 8 மணி 40 நிமிடம். ஏறி இறங்கும் நேரத்தையும் சேர்த்தால் ஒன்பது மணிக்கு மேல். 2022 பிப்ரவரி வரை இந்தக் கணக்கு ஏறக்குறைய சரியாகவே இருந்தது.

உக்ரைன் போர் தொடங்கியதும் ரஷ்யா தன் வான்வெளியை பின்லாந்து உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளின் விமானங்களுக்கு மூடியது. அந்தக் குறுகிய வளைவு பெரும்பாலும் சைபீரியாவின் மேல்தான் போகிறது. மார்ச்சில் பின்லாந்தின் விமான நிறுவனமான ஃபின்ஏர் மீண்டும் டோக்கியோவுக்குப் பறந்தபோது, விமானம் வட துருவத்தைச் சுற்றி, அலாஸ்கா பக்கமாகத் தெற்கே திரும்பி, பசிபிக் வழியே ஜப்பானை அடைந்தது. பறந்த தூரம் ஏறத்தாழ 12,900 கி.மீ., நேரம் 13 மணி. இரு நிலையங்களும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. பெருவட்டத் தூரத்தில் ஒரு மீட்டர்கூட மாறவில்லை. இது புதுமையும் இல்லை. சோவியத் வான்வெளி அடைபட்டிருந்த 1983இலேயே அந்த நிறுவனம் டிசி-10 விமானத்தைத் துருவ வழியாக இடைநிற்காமல் டோக்கியோவுக்கு ஓட்டியது.

போர் ஒரு விதிவிலக்கு, மற்ற வழித்தடங்களில் வகுத்தல் போதும் என்று வாதிடலாம். போதாது, காற்று இருக்கிறதே. நியூயார்க்கிலிருந்து லண்டன் சுமார் 5,540 கி.மீ.; 900ஆல் வகுத்தால் ஆறு மணிக்குச் சற்று மேல் வரும். 2020 பிப்ரவரியில் சியாரா புயலின்போது, மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்றோட்டத்தின் உந்துதலில் பிரிட்டிஷ் ஏர்வேஸின் 747 ஒன்று 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. திரும்பும் திசையில் அதே காற்று எதிரே நிற்கும். ஏழு மணிக்கு மேல் ஆவது அங்கே சாதாரணம்.

அப்படியானால் பெருவட்டத் தூரத்தைத் தூக்கிப் போட்டுவிடலாமா? கூடாது. விமானத் தாமதத்துக்கு இழப்பீடு வழங்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டுச் சட்டம் தூரத்தை இந்த முறையில்தான் அளக்கச் சொல்கிறது. காற்றுக்கும் அரசியலுக்கும் ஏற்ப மாறாத எண் சட்டத்துக்கு அவசியம். எரிபொருள் கணக்குக்கு அதே எண்ணை எடுப்பதுதான் தவறு. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் கரிமக் கணக்குமுறை, 5,500 கி.மீ.க்கு மேற்பட்ட பயணங்களில் பெருவட்டத் தூரத்துடன் 125 கி.மீ. கூட்டி, சுற்றுவழியை ஈடுகட்டப் பார்த்தது. டோக்கியோ விமானம் கூடுதலாகப் பறந்ததோ ஐயாயிரம் கி.மீ. அந்தப் புகை எந்தக் கணக்கிலும் ஏறாமல் போகக் கூடாது. பயணிக்குக் காட்டும் கரிம அளவை, அந்த வழித்தடத்தில் விமானங்கள் உண்மையில் பறந்த தூரத்தை வைத்தே நிறுவனங்கள் போட வேண்டும். அந்தப் பதிவு அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.